கோமதி சொல்லாத பெயர்

கொழும்பிலிருந்து நீ உன் அம்மாவுக்கு எழுதும் கடிதங்களை வாசித்துக் காட்டுவதும், அவள் சொல்லச் சொல்லப் பதில் எழுதுவதும் நான்தான் என்பது உனக்குத் தெரியும். ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரி, "அப்பாவை விசாரித்ததாகச் சொல்லவும்." அதற்கு மேல் ஒரு சொல் கூடுவதில்லை. அந்த வரி வரும்போது என் குரல் இறங்கிவிடும். உன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குவாள். உன்மேல் எனக்கு வருத்தம் இல்லையப்பா. அந்த வரியையும் நீ விட்டிருந்தால் ஏன் என்று கேட்கிற யோக்கியதை எனக்குக் கிடையாது. போன கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து, "சொல்லு, எழுதுகிறேன்" என்றேன். அவள் சொல்லவில்லை. "இது உங்க கடுதாசி. நீங்களே எழுதுங்க. நடந்ததையெல்லாம் எழுதுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அதனால் இது முழுக்க என் கடிதம். நிதானமாக எழுதுகிறேன், நீயும் நிதானமாக வாசி.

நீயும் கோமதியும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்று வந்து நின்ற நாளில், எல்லோரும் நினைத்ததுபோல் அவள் வேலைக்குப் போகிற பெண் என்பதால் நான் யோசிக்கவில்லை. அவள் எங்கே வேலை பார்க்கிறாள் என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. நம் ஊர்க் கடல் ஆழமில்லாதது. ஸ்டீமர் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து மூட்டைகளைத் தோணிகளில்தான் கரைக்குக் கொண்டு வர வேண்டும். அந்த ஏற்று இறக்கு வேலைக்கு உன் முதலாளி அண்ணாச்சியின் கம்பெனியும் பீச் ரோட்டுக் கம்பெனியும் எப்போதும் முட்டி மோதிக்கொண்டிருந்தன. நீ அண்ணாச்சியிடம் தலைமைக் குமாஸ்தா. அவள் பீச் ரோட்டு மானேஜருக்கு ஸ்டெனோ. கஸ்டம்ஸ் ஆபீஸ் வரிசையில் ஒருவரை ஒருவர் பார்த்துப் பழகியவர்கள். "ஒரே வீட்டுல ரெண்டு கம்பெனியா? சரிப்பட்டு வருமாலே?" என்று நான் கேட்டேன். நீ பதில் சொல்வதற்குள் அவள் சொன்னாள்: "ஆபீஸ் வாசல்லயே நின்னுக்கிடும் மாமா. உள்ள நாங்க ரெண்டு பேருதான் வருவோம்."

சொன்னபடியே இருந்தீர்கள். அதை நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். ஒரு தடவை பர்மா அரிசி ஏற்றிய ஸ்டீமர் ஒன்று வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. அந்தச் சரக்கு யாருக்கு என்று உன் கம்பெனியும் அவள் கம்பெனியும் ஓடிக்கொண்டிருந்த சமயம். இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தீர்கள். நீ முருங்கைக்காய்க் குழம்பைப் பற்றிப் பேசினாய். அவளும் முருங்கைக்காயைப் பற்றியே பேசினாள். முருங்கைக்காயைப் பற்றி ஒரு புருஷன் பெண்டாட்டி அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. உன் அம்மா பொறுக்க முடியாமல், "ஏளா, அந்தக் கப்பல் உங்களுக்கா அவுகளுக்கா, அதைச் சொல்லித் தொலைங்க" என்றதும் நீங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் சோறு புரை ஏறியது. அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. இந்த வயதில் இவ்வளவு கட்டுப்பாடு நமக்கு இருந்ததா என்று நினைத்தேன். அந்தக் கட்டுப்பாட்டுக்குள் ஓட்டை போட்டவன் நான்.

எப்படி நடந்தது என்பதில் உனக்குத் தெரிந்தது பாதிதான். உலகச் சண்டை முடிந்து ஸ்டீமர்கள் மறுபடி வரத் தொடங்கின நேரம். எந்தக் கம்பெனியிலும் தோணி போதவில்லை. கடற்கரையில் மிக்கேல் என்று ஒரு தோணிக்காரர் கை கால் விழுந்து படுத்திருந்தார். தன் தோணிகளை மொத்தமாக விற்றுவிடப் பார்த்தார். பீச் ரோட்டு மானேஜர் சத்தம் போடாமல் அவற்றை வாங்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அது கோமதிக்கு மட்டும் தெரியும். தோணிகள் நல்ல நிலையில் இருக்கின்றனவா என்று யாரைக் கேட்பது என்று மானேஜர் தடுமாறியபோது, "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரிடம் விசாரித்துச் சொல்லுகிறேன்" என்று இவளாகவே பொறுப்பை ஏற்றுக்கொண்டாள். துறைமுக ஆபீஸில் என் உத்தியோகமே தோணிகளைச் சோதித்து லைசென்ஸுக்கு எழுதிக் கொடுப்பதாகத்தானே இருந்தது? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கொல்லையில் வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது வந்தாள்.

"மாமா, ஒரு யோசனை கேக்கணும். மிக்கேல் அண்ணன் தோணியெல்லாம் அடிப்பலகை கெட்டியா இருக்கா? ஒருக்கா பாத்துச் சொல்லுவியளா?"

"யாருக்கும்மா?"

"அதைக் கேக்காதீய. உங்க மவனுக்கும் தெரிய வேண்டாம்."

அவள் கேட்ட விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. நானும் ஒரு நிபந்தனை போட்டேன். "நான் சர்க்கார் பென்ஷன் வாங்குறவன். கம்பெனிக்காரனுக்கு யோசனை சொன்னேன்னு வெளியில தெரிஞ்சா ஆபீஸ்ல இருந்து கேள்வி வரும். எம் பேரு எங்கனயும் வரப்படாது." "வராது மாமா" என்றாள். அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு. அன்று சாயங்காலம் காற்று வாங்கப் போவதுபோல் போய், கரையில் ஏற்றி வைத்திருந்த தோணிகளைச் சுற்றிவந்து தட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். நல்ல தோணிகள். அவளிடம் சொன்னேன். முகம் மலர்ந்துபோய்ச் சமையலறைக்குப் போனாள். வேலை விட்டுப் பல வருஷம் கழித்து என்னை ஒருவர் யோசனை கேட்டதில் எனக்கும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

அதற்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ அண்ணாச்சி தன் கம்பெனி வாசலில் நின்று என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். நாற்காலி போடச் சொன்னார், குடிக்கக் கலர் வாங்கிவரச் சொன்னார். பிறகு உன் பேச்சை எடுத்தார். "உம்ம மவன் தங்கமான பிள்ளை. எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனா எதிராளிகிட்டச் சம்பளம் வாங்குற பொண்ணு ஒரே வீட்டுல இருக்கா பாரும், எந்தம்பி விட மாட்டேங்கான். உம்ம மவனைச் சரக்குக் கிட்டங்கிக்கு மாத்திட்டு ஆபீஸுக்கு வேற ஆளைப் போடணும்னு சொல்லுதான்." நீ எவ்வளவு பாடுபட்டு அந்த நாற்காலிக்கு வந்தாய் என்று எனக்குத்தானே தெரியும்? நாங்கள் உங்கள் பக்கம்தான் என்று அவருக்கு எப்படியாவது காட்ட வேண்டும் என்று மட்டும்தான் அப்போது தோன்றியது. அவர் பேச்சோடு பேச்சாக, "தோணி இல்லாமத் திண்டாடுதோம். மிக்கேலோட தோணியெல்லாம் நீர் பாத்ததுதானே, தேறுமா?" என்றார். "அருமையான தோணி" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "வாங்குறதா இருந்தா சீக்கிரம் வாங்கிரும்" என்றேன்.

அண்ணாச்சி வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "சீக்கிரமா?" என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பும் சேர்த்தித்தான்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நான் எதையும் சொல்லிவிடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். பீச் ரோடு என்ற பேச்சே என் வாயிலிருந்து வரவில்லை, கோமதி பேரை எடுக்கவில்லை, விலை என்ன என்றுகூட எனக்குத் தெரியாது. அப்படி அப்படியே அடுக்கிக்கொண்டு வந்தேன். குற்றம் செய்யாதவனுக்கு அவ்வளவு அடுக்க வேண்டியிருக்காது. மறுநாள் விடிந்ததும் அண்ணாச்சி மிக்கேல் வீட்டுக்கே போய் எல்லாத் தோணிகளையும் பேசி முடித்துவிட்டார்.

கோமதி மத்தியானமே வீட்டுக்கு வந்தாள். குடையை மடக்காமல் கூடத்தில் நின்றாள். "நாளையில இருந்து வர வேண்டாம்னுட்டாக அத்தை" என்று உன் அம்மாவிடம் சொன்னாள். அழவில்லை. நீ சாயங்காலம் வந்தாய். நான் முன்னறையில் பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவள் கேட்டது எனக்குக் கேட்டது. "மாமாகிட்ட நான் ஒரு விசயம் கேட்டேன். அதை அவுக உங்ககிட்டச் சொன்னாகளா? நீங்க அண்ணாச்சிகிட்டச் சொன்னியளா?" நீ பேசவில்லை. அன்று காலையிலேயே அண்ணாச்சி உன் முதுகைத் தட்டி, "உங்க அப்பா காதுல போட்டது நல்லதாப் போச்சு" என்று சொல்லியிருந்தார் என்பதைப் பிற்பாடு அவர் வாயாலேயே கேட்டேன். ஆக உனக்குத் தெரியும். "நான் சொல்லவில்லை" என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த விரல் என்னை நோக்கித்தான் நீளும். அதனால் வாயை மூடிக்கொண்டாய். அவள் மறுபடி கேட்டாள். நீ சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனாய். என்னைத் தாண்டித்தான் போனாய். நான் பத்திரிகையை இறக்கவில்லை.

மறுநாள் காலை அவள் எட்டயபுரத்து அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டு, பெட்டியோடு என் முன்னால் வந்து கும்பிட்டாள். "நீங்க வெள்ளந்தியா அவுககிட்டச் சொல்லியிருப்பிய மாமா. பெத்த பிள்ளைகிட்டப் பேசாம இருக்க முடியுமா? உங்கமேல எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள். உன்னைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். "பாத்துப் போம்மா" என்றேன்.

நீ ஏன் அப்படி இருந்தாய் என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, நீ மூன்றாம் பாரம் வாசித்த சமயம், மேலதிகாரியோடு தகராறு ஆகி என்னைக் கொஞ்ச நாள் வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். உன் அம்மாவிடம் சொல்ல வெட்கப்பட்டு, தினமும் சோற்றுத் தூக்கோடு புறப்பட்டுப் போய் உப்பளத்துப் பக்கம் உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன். நீ பள்ளிக்கூடத்துப் பையன்களோடு அந்தப் பக்கம் வந்தவன் என்னைப் பார்த்துவிட்டாய். "அம்மாட்டச் சொல்லாதலே" என்றேன். நீ சொல்லவில்லை. பிற்பாடு எல்லாம் சரியாகி, அது ஒரு கதையாகப் போன பிறகும் நீ அதை வாயில் எடுத்ததில்லை. அப்பாவுக்கு அவமானம் வந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று உன்னைப் பழக்கியது நான்தான். அந்தப் பழக்கத்துக்கு நீ உன் பெண்டாட்டியைப் பலி கொடுத்திருக்கிறாய்.

நீ வேலையை ராஜினாமா செய்துவிட்டுக் கொழும்புக்குப் புறப்பட்டபோது படகுத்துறையில் என்னிடம், "உடம்பைப் பாத்துக்கிடுங்க" என்றாய். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்: "என்ன நடந்துச்சு? எம்மவன் அப்படிச் செய்யுறவன் இல்ல." சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "எட்டயபுரம் பஸ்ஸு காலையிலதான் போவுது" என்று மட்டும் சொன்னாள். நான் உடனே போகவில்லையப்பா. நாளைக்கு, நாளைக்கு என்று மாசக்கணக்கில் தள்ளினேன். மூட்டு வலி என்றேன், மழை என்றேன். அவள் சோறு போடுவாள், வேறு பேச மாட்டாள். கடைசியில் உன் கடிதத்தில் அந்த வரியை இன்னொரு தடவை வாசிக்க முடியாமல்தான் புறப்பட்டேன்.

பஸ் கரி வாயுவில் ஓடுகிற பஸ். மேடு வந்தால் எல்லோரையும் இறக்கிவிட்டுத் தள்ளச் சொன்னார்கள். தள்ளிக்கொண்டே போனேன். கோமதி தன் அண்ணன் வீட்டில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பாயை விரித்தாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தேன். அண்ணாச்சி, நாற்காலி, கலர், அந்தச் சொல், அந்தச் சிரிப்பு எல்லாவற்றையும் சொன்னேன். என் மகன் ஒன்றும் செய்யவில்லை, நான் சொன்னது அவனுக்கே அண்ணாச்சி மூலமாகத்தான் தெரியும், எனக்காகத்தான் வாயை மூடிக்கொண்டான் என்றேன்.

அவள் பிள்ளைகளை வெளியே போய் விளையாடச் சொன்னாள். "உங்களைத் திட்டணும்னு வருது மாமா. வாயி வரல" என்றாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. என்மேல் இல்லை, உன்மேல்தான் வந்தது. "ஆபீஸ் விசயத்தைத்தான் பேசப்படாதுன்னு வச்சுக்கிட்டோம். இதுவும் ஆபீஸ் விசயமா? 'நான் சொல்லல, ஆனா யாருன்னு கேக்காத'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேனே. என்னை அவ்வளவுதான் தெரிஞ்சுவச்சிருக்காகளா?" அதை உன்னிடம் அப்படியே சேர்க்கச் சொன்னாள், சேர்த்துவிட்டேன்.

"நான் என்ன செய்யணும்னு சொல்லும்மா" என்றேன். "எனக்கு அந்த வேலை திரும்ப வேணும்னு கேக்கல. எம் பேரு அங்கன கெட்டுக் கிடக்கு. மானேஜர்கிட்டப் போயி நடந்ததைச் சொல்லுங்க" என்றாள். தலையை ஆட்டினேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு வந்த நினைப்பு என்ன தெரியுமா? பென்ஷனைப் பற்றி. இவ்வளவுக்கும் பிறகு பென்ஷனைப் பற்றித்தான் நினைப்பு வந்தது. உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

மறுநாளே பீச் ரோட்டுக்குப் போனேன். மானேஜர் என்னை யாரென்று தெரியாமல் விழித்தார். கோமதியின் மாமனார் என்றதும் முகம் சுருங்கியது. சொல்லத் தொடங்கினேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். "அப்போ தோணியைப் பார்த்துச் சொன்னது நீங்களா?" என்றார். "ஆமா" என்றேன். நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "யாரிடம் விசாரித்தாய் என்று நான் அந்தப் பெண்ணிடம் எத்தனையோ தடவை கேட்டேன். புருஷனிடம் சொன்னாயா என்றேன், இல்லை என்றாள். அப்படியானால் அந்த ஆளின் பெயரைச் சொல், உன் வேலைக்குப் பழுது வராது என்றேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன், சொல்ல முடியாது என்றாள். அதனால்தான் போகச் சொன்னேன்" என்றார்.

அவர் சொல்லாமலே எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். யோசித்துப் பார். என் பெயரைச் சொல்லியிருந்தால் அவள் வேலை போயிருக்காது. நீ என் பெயரைச் சொல்லியிருந்தால் உன் குடும்பம் போயிருக்காது. அவள் ஆபீஸில் என்னைக் காப்பாற்றினாள், நீ வீட்டில் என்னைக் காப்பாற்றினாய். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் நான் பத்திரமாகச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன். மானேஜர், "இதை நான் உங்கள் பழைய ஆபீஸுக்கு எழுதினால் உங்களுக்குச் சிரமம் வரும், தெரியுமா?" என்றார். "எழுதுங்க" என்றேன். எழுதினாரா இல்லையா என்று இன்றுவரை தெரியாது.

அவர் கோமதியை மறுபடி வேலைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். உன் அம்மா தானே எட்டயபுரம் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "வேலைக்கு வாரது வேற, இந்த வீட்டுக்கு வாரது வேற. ரெண்டையும் யோசிச்சுத்தான் வந்திருக்கேன்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். இப்போது உன் அறையில்தான் இருக்கிறாள். காலையில் குடையை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போகிறாள். என்னிடம் மரியாதையாகப் பேசுகிறாள். சாப்பிட்டியளா, மாத்திரை போட்டியளா என்று கேட்பாள். யோசனை மட்டும் எதுவும் கேட்பதில்லை. இனிமேல் கேட்கவும் மாட்டாள். அது எனக்கு வேண்டியதுதான்.

அண்ணாச்சி வழியில் பார்த்து, உன் இடம் காலியாகத்தான் இருக்கிறது என்கிறார். அங்கே போவதும் போகாததும் உன் இஷ்டம். மறுபடி நீங்கள் எதிரெதிர்க் கம்பெனியில் இருந்தாலும் எனக்குப் பயமில்லை. சம்பளம் கொடுக்கிறவன் நம்பி ஒப்படைத்ததை நீ அவளிடம் சொல்ல வேண்டாம், அவளும் உன்னிடம் சொல்ல வேண்டாம். அதில் உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் உன் மனசில் இருப்பது எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. அதையும் சேர்த்துப் பூட்டிவைத்துவிட்டாய். என்னைக் காப்பாற்ற என்றாலும் அது தப்பு. என்னை நீ விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். இனி ஒரு சந்தர்ப்பம் வந்தால் தயங்காமல் விட்டுக்கொடு.

நேற்று சாயங்காலம் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தபோது கோமதி வந்து எதிரே உட்கார்ந்தாள். யாருக்கு என்று கேட்கவில்லை, தெரிந்திருக்கும். ஒரு விஷயம் சொன்னாள். "இதை எழுதிராதீய மாமா. அவுக வரட்டும், நானே சொல்லுதேன்" என்றாள். சரி என்றேன். உன் அம்மா அதற்குப் பிறகு இரண்டு மூன்று தடவை என்னைச் சுற்றிச் சுற்றி வந்து, என்ன சொன்னாள் என்று கேட்டுவிட்டாள். நான் அவளிடமும் சொல்லவில்லை, உனக்கும் எழுதவில்லை. நீ கப்பல் ஏறி வந்து அவளிடமே கேட்டுக்கொள்.